பாலிசியைப் படித்ததில் கற்றது



பி.காம். முடித்து வங்கியில் கிளார்க்காக இருந்தவன் நான். வட்டிக் கணக்கு தெரியும். மருத்துவச் செலவுக் கணக்கை ஓய்வுக்குப் பிறகுதான் படித்தேன். வங்கி ஊழியர்களுக்கான குழு மருத்துவக் காப்பீடு 2015-இல் வந்தது. பணியில் இருப்பவர்களுக்கு வங்கி பிரீமியம் கட்டும்; ஓய்வு பெற்றவர்கள் கைப்பணத்தில் கட்ட வேண்டும். கட்டுகிற பணத்துக்கு என்ன கிடைக்கும் என்று பார்க்க, பாலிசியை முதல் பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினேன்.

முதலில் புரிந்தது, காப்பீடு சேமிப்புக் கணக்கு அல்ல என்பது. பலர் போடும் பணம் சிலருடைய சிகிச்சைக்குப் போகிறது. ஆஸ்பத்திரிக்குப் போகாத வருஷத்தில் பிரீமியம் வீண் என்று வருந்த வேண்டியதில்லை.

அடுத்தது அறை வாடகை. ஐந்து லட்சம் பாலிசியில் வாடகை வரம்பு 1 சதவீதம் என்றால் நாளுக்கு 5,000 ரூபாய். நாம் 10,000 ரூபாய் அறையில் தங்கினால், வாடகையில் மட்டும் வெட்டு விழும் என்று நினைப்போம். பல பாலிசிகளில் டாக்டர் கட்டணம், ஆபரேஷன் தியேட்டர் கட்டணமும் அதே விகிதத்தில் குறையும். அவை 1,60,000 ரூபாய் என்றால் 80,000 நம் தலையில். மருந்துக்கும் உள்ளே பொருத்தும் கருவிகளுக்கும் இந்த வெட்டு கிடையாது.

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024-இல் சில விதிகள் போட்டது. ரொக்கமில்லாச் சிகிச்சைக்கு ஒரு மணி நேரத்தில் பதில் சொல்ல வேண்டும். டிஸ்சார்ஜ் அனுமதி மூன்று மணி நேரத்தில். ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் 36 மாதத்துக்கு மேல் போகக் கூடாது. கிளெய்மை மறுத்தால் முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் சென்னையில் உள்ள காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.

இன்னொரு விஷயம். கேளம்பாக்கம், திருப்போரூர், மாமல்லபுரம் பக்கத்திலிருந்து நம் வீடுகளுக்கு வேலைக்கு வரும் அம்மாக்களிடம் கேட்டுப் பாருங்கள்: முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கிறதா? ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு வருஷத்துக்கு ஐந்து லட்சம் வரை சிகிச்சை உண்டு. ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றிதழோடு செங்கல்பட்டு ஆட்சியர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். அதற்கு அவர்களுக்கு ஒருநாள் சம்பளத்தோடு லீவு கொடுங்கள். அவசரத்துக்கு நாம் கொடுக்கும் கைமாற்றைவிட அந்த ஒருநாள் பெரிது.

வங்கியில் கவுன்ட்டருக்கு உள்ளே உட்கார்ந்து மற்றவர்களின் கேள்விக்குப் பதில் சொன்னேன். இந்தப் படிப்பு என்னை வெளியே நின்று கேள்வி கேட்க வைத்தது. அறுபதுக்கு மேல் இதுவும் ஒரு வளர்ச்சிதான்.

இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் பாலிசியை எடுங்கள். அறை வாடகை வரம்பு, நம் பங்காகக் கட்ட வேண்டிய சதவீதம், காத்திருப்புக் காலம் மூன்றையும் ஒரு தாளில் எழுதி பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். வீட்டில் எல்லோருக்கும் காட்டி வையுங்கள். ஆம்புலன்ஸ் வாசலில் நிற்கும்போது படிக்க நேரம் இருக்காது.