அரைமயக்க ஊசியும் ஒரு குவளைத் தேநீரும்



விலகிய தோள்மூட்டைச் சேர்க்க, குழாய் விட்டுக் குடலைப் பார்க்க, பினாங்குப் பொது மருத்துவமனை போன்ற இடங்களில் அரைமயக்க ஊசி போடுவதுண்டு. கூப்பிட்டால் பதில் சொல்லலாம், வலி மட்டுப்படும். ஆனால் தொண்டையின் காவலும் தளரக்கூடும். வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து.

ஆகவேதான், நாள் குறித்த சிகிச்சைக்கு முன் பொதுவாக 6 மணி நேரம் உணவு கூடாது. கடைசி 2 மணி நேரம் தண்ணீரும் கூடாது. பால் கலந்த தேநீரும் உணவுதான். அவசரமாக வந்தவர்கள், உண்டதையும் குடித்ததையும் மறைக்காமல் சொல்லுங்கள். மருத்துவர் அதற்கேற்ப வழி செய்வார்.

இரத்தத்தில் உயிர்வளி குறைகிறதா என்று விரலில் மாட்டும் கருவி காட்டும். நகப்பூச்சை அழித்துவிட்டுப் போங்கள்.

வீடு திரும்பத் துணைக்கு ஒருவர் வேண்டும். 24 மணி நேரம் மோட்டார் சைக்கிளும் வேண்டாம், பால்வெட்டும் கத்தியும் வேண்டாம்.