கிழமை என்பது உரிமை

(காரைக்கால் கோட்டுச்சேரிமேட்டில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



'கிழவன்' என்பது இன்று எள்ளற் சொல். பண்டைத் தமிழில் அதன் பொருள் உரியவன் என்பதாம். கிழமை என்றால் உரிமை. தொல்காப்பியம் தலைவனைக் கிழவன் என்றும் தலைவியைக் கிழத்தி என்றும் வழங்கும். சொல் தாழ்ந்தது, சொல்லோடு அதற்குரியோரும் தாழ்த்தப்பட்டனர். முதியோர் தொகை விரைந்து பெருகும் இந்நாளில் இத்தாழ்வு தமிழினத்துக்கே கேடு.

முதுமை மிகுந்த நாடுகளுள் முந்தியது பிரான்சு. 65 அகவை கடந்தோர் அங்கு 1865-இல் நூற்றுக்கு எழுவர். அவ்வெண் பதினான்காக 1980 வரை, 115 ஆண்டுகள் சென்றன. அதே மாற்றம் சப்பானில் 1970 முதல் 1994 வரை 24 ஆண்டுகளில் நிகழ்ந்தது.

தமிழ்நாட்டின் நிலை யாது? 60 அகவை கடந்தோர் 2011 கணக்கெடுப்பில் 10.4 விழுக்காடு. 2036-இல் அது 20.8 ஆகுமென்பது அரசு மதிப்பீடு. 25 ஆண்டுகளில் இருமடங்கு! கேரளம் 22.8 எய்தும்; இந்தியா முழுமைக்கும் 15 அளவே; பீகாருக்கு 11 அளவே. அகவை எல்லை வேறாயினும், தமிழகத்தின் விரைவு பிரான்சின் விரைவன்று, சப்பானின் விரைவு.

வாழ்நாள் நீண்டது, பிள்ளைப்பேறு குறைந்தது. மக்கள்தொகை குன்றாதிருக்கப் பெண்ணொருத்திக்கு 2.1 மகவு வேண்டும். 2019–21 ஆய்வில் தமிழகம் கண்டது 1.8. மகளிர் கற்றனர், குழந்தை இறப்புக் குறைந்தது. இது குற்றமன்று, பெருமை. அப்பெருமைக்குரிய விலையை முதியோர் மட்டும் தனித்துச் செலுத்துவதோ?

காரைக்கால் 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த மண். பிரெஞ்சுப் படையில் பணியாற்றிய இம்மண்ணின் மக்களுக்கு அந்நாடு ஓய்வூதியம் வழங்கி வருகிறது. கடல் கடந்து வரும் அத்தொகையை எவரும் ஈகை என்பதில்லை. பெறுவோர் தலைநிமிர்ந்து பெறுவர். அதே வட்டாரத்தில் வாழ்நாளெல்லாம் நாற்று நட்டுக் கூனிய முதியவளின் நிலை என்ன? வறிய முதியோர்க்கு, 80 அகவைக்குட்பட்டோராயின், நடுவணரசின் பங்கு பத்தாண்டுகளுக்கும் மேலாகத் திங்களுக்கு 200 உருபா அளவிலேயே நின்றது. மாநில அரசுகளே மேலும் சேர்த்துத் தந்தன. படைக்கலம் தாங்கியவன் உழைத்தான் என்றால், நாற்று நட்டவள் உழைக்கவில்லையா?

மகன் வளைகுடாவிலிருந்து பணம் விடுக்கலாம். நள்ளிரவில் நெஞ்சு நோவுற்ற தாயைத் தாங்கிப் பிடிக்க அவன் கை எட்டாது. அங்கே ஊரின் கை நீள வேண்டும். அரசின் மருத்துவமனை அண்மையில் இருக்க வேண்டும். தனித்து வாழும் முதியோரை ஊர் இளைஞர் முறைவைத்து நாடோறும் கண்டு வருதல் வேண்டும். ஓய்வூதியம் இரந்து பெறுவதாக அன்றி, உழைத்தோர் அனைவர்க்கும் உரிமையாதல் வேண்டும்.

பிரான்சுக்கு 115 ஆண்டுகள் வாய்த்தன. தமிழர்க்குக் கால் நூற்றாண்டே. அதிலும் பாதிக்கு மேல் கழிந்துவிட்டது. இன்றைய இளைஞனே நாளைய கிழவன். அவன் இன்று காப்பது தன் கிழமையையே!