கரும்பலகையும் கீரைப் பாத்தியும்



34 ஆண்டுகள் ஆசிரியத் தொழில் புரிந்தவன் நான். அவற்றுள் பல ஆண்டுகள், 'சரிவிகித உணவு' என்னும் பாடத்தைக் கரும்பலகையிலேயே நடத்தி முடித்தேன். மாவுச்சத்து, புரதம், கொழுப்பு, உயிர்ச்சத்து, தாது உப்பு என்று பிள்ளைகள் ஒரே குரலில் ஒப்பிப்பார்கள். மணி அடித்ததும் சத்துணவுக்கு அமர்ந்து, சாம்பாரில் கிடக்கும் முருங்கைக் கீரையை ஒவ்வோர் இலையாகப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் ஒதுக்குவார்கள். சற்று முன் அவர்கள் ஒப்பித்தது அந்த இலையின் பெருமையைத்தான்!

ஒரு நாள் எனக்குச் சினம் மிகுந்தது. மூன்றாம் வகுப்புச் சிறுவன் ஒருவனை எழுப்பி நிறுத்தி, ஒதுக்கிய கீரை முழுவதையும் உண்ணச் செய்தேன். கண்ணீரோடு விழுங்கினான், உடனே வாந்தியெடுத்தான். பிறகு 4 நாள் பள்ளிக்கு வரவில்லை. ஆசிரியப் பயிற்சியில் குழந்தை உளவியல் படித்துத் தேறியவன் செய்த காரியம் இது.

ஐந்தாம் நாள் அவன் வீட்டுக்குப் போனேன். வாசலில் அவனுடைய தாயார் கீரைக் கட்டுகளுக்கு நீர் தெளித்துக் கொண்டிருந்தார். குத்தகை நிலத்தில் விளைந்தவை; 30 கட்டுக்கு மேல் இருக்கும். "வீட்டுக்கு எடுத்து வைப்பதில்லையா, அம்மா?" என்று கேட்டேன். "ஒரு கட்டு எடுத்தால் அந்தக் காசு குறையுமே, ஐயா" என்றார். கீரை விளையும் வீட்டுப் பிள்ளை அதன் சுவையை அறியாதிருந்தான். அவனிடந்தான் நான் உயிர்ச்சத்தைப் பற்றிப் பேசிக் கொண்டிருந்தேன்.

அவன் திரும்பி வந்ததும், குழாயடியில் நீர் வீணே வழிந்தோடும் இடத்தில் பாத்தி கட்டுவோம் என்றேன். முளைக்கீரை விதை மிக நுண்ணியது. மணலோடு கலந்து தூவினால்தான் பரவலாக விழும். இது எனக்குத் தெரியாது, அவனுக்குத் தெரிந்திருந்தது. வகுப்பில் வாய் திறவாத பிள்ளை, அன்று எல்லாருக்கும் ஆணையிட்டுக் கொண்டிருந்தான்.

ஏறக்குறைய 25 நாளில் கீரை பறித்தோம். சமையல் அம்மாள் பருப்போடு கடைந்து கொடுத்தார். பெரும்பாலோர் விரும்பி உண்டனர். சிலர் அப்போதும் ஒதுக்கினர். நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்தச் சிறுவன் விரல் நுனியில் தொட்டு நக்கிப் பார்த்தான். அவ்வளவே போதும் என்றிருந்தேன்.

எனக்கு வியப்பளித்தவை பின்னர் எழுந்த வினாக்கள். "சத்துள்ள தவிட்டை மாட்டுக்கு வைத்துவிட்டு, நாம் ஏன் வெள்ளை அரிசி உண்கிறோம்?" என்றாள் ஒரு சிறுமி. 1890-களில் ஜாவாத் தீவில் ஐக்மன் என்ற டச்சு மருத்துவர் கண்டதை அவளுக்குச் சொன்னேன். தீட்டிய அரிசி தின்ற கோழிகள் கால் தளர்ந்து விழுந்தன. தவிடு நீக்காத அரிசி கொடுத்ததும் தேறின. அவருக்கு 1929-இல் நோபல் பரிசு கிடைத்தது. நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள பி1 உயிர்ச்சத்தில் ஒரு பகுதி அரிசிக்குள் ஊறிவிடுகிறது என்பதையும் சொன்னேன். மறுநாள் பாதி வகுப்பு, தத்தம் வீட்டு அரிசியைச் சட்டைப் பையில் கொண்டுவந்து என் மேசைமேல் கொட்டிவிட்டது!

சில மாதங்கள் கழித்து அச்சிறுவன், வீட்டுக் கிணற்றடியில் ஒரு முழம் அகலத்துக்குப் பாத்தி போட்டிருப்பதாகவும், அது விற்பதற்கில்லை என்று தாயாரிடம் சொல்லிவிட்டதாகவும் தெரிவித்தான். கோடையில் கீரை விலை ஏறியபோது அதையும் பறித்து விற்றார்கள். பிறகு மீண்டும் விதைத்தார்கள்.