சந்தையை அளக்கும் கோல்



புதிய இயந்திரம் ஒன்று உலகில் தோன்றியதும், அதற்கு எவ்வளவு பெரிய சந்தை உண்டு என்னும் வினாவும் உடன் தோன்றுகிறது. இவ்வினாவுக்கு விடை காணும் முறையையே இன்றைய பேச்சு ஆராய்கிறது. எடுத்துக்காட்டாக அமைவது தானியங்கிச் சிறு பண்டகசாலை.

அது யாது? நகரின் நடுவே, ஏறத்தாழ 10,000 சதுர அடிக்குள் அடங்கும் ஒரு கூடம். அங்கே அரிசியும் பருப்பும் சவர்க்காரமும் பெட்டிகளில் அடுக்கப்பட்டிருக்கும். கைத்தொலைபேசி வழியே ஒரு வீட்டின் கட்டளை வந்ததும், சிறு இயந்திர வண்டிகள் உரிய பெட்டிகளை எடுத்துவந்து பொதி கட்டுவோரிடம் சேர்க்கும். பண்டகசாலைத் தானியக்கத்தில் 1996ஆம் ஆண்டு தோன்றிய நோர்வேயின் ஓட்டோஸ்டோரும், 2000ஆம் ஆண்டு தோன்றிய இங்கிலாந்தின் ஒக்காடோவும் பெயர் பெற்றவை. கீவா என்னும் இயந்திர வண்டி நிறுவனத்தை அமேசன் 2012இல் 77 கோடியே 50 இலட்சம் டொலருக்கு வாங்கியபின், பலருடைய பார்வை இத்துறையின்மீது விழுந்தது.

சந்தையை மேலிருந்து அளப்போர் உளர். நாட்டு மக்கள் உணவுக்குச் செலவிடும் தொகை இவ்வளவு. அதில் நூற்றுக்கு ஒரு பங்கு நமக்குக் கிடைத்தாலும் போதும் என்பது அவர்கள் கணக்கு. கேட்பதற்கு இனிய கணக்கு இது. ஆயினும் அந்த ஒரு பங்கு எந்தத் தெருவிலிருந்து, எந்த வீட்டிலிருந்து வரும் என்பதை அது சொல்வதில்லை.

அமெரிக்காவின் வெப்வான் நிறுவனம் 1999ஆம் ஆண்டு, 26 பெரும் பண்டகசாலைகள் கட்ட 100 கோடி டொலருக்கு ஒப்பந்தம் செய்தது. நாளொன்றுக்கு 8,000 கட்டளைகளை நிறைவேற்றவல்லதாக ஓக்லாந்து நகரில் அது அமைத்த பண்டகசாலைக்கு அத்தனை கட்டளைகள் வந்து சேரவில்லை. 2001 ஜூலையில் நிறுவனம் முறிந்தது. ஏறத்தாழ 2,000 பேர் வேலை இழந்தனர். பின்னர், சிறு பண்டகசாலைகளையே தன் தொழிலாகக் கொண்ட டேக்கோஃப் நிறுவனம் 2018இல் மயாமி நகரில் தன் முதற்கூடத்தைத் திறந்தது. 2024இல் அதுவும் நொடிப்புநிலை அடைந்தது.

கீழிருந்து அளப்பது எவ்வாறு? ஒரு கட்டளையைக் கையால் பொறுக்கிக் கட்ட 100 ரூபா செலவாகிறது என்றும், இயந்திரம் அதில் 60 ரூபாவை மீதப்படுத்துகிறது என்றும் வைத்துக்கொள்வோம். நாளுக்கு 1,000 கட்டளைகள் வந்தால், 300 வேலை நாட்களில் 1 கோடியே 80 இலட்சம் ரூபா மிஞ்சும். கட்டளைகள் 250 ஆகக் குறைந்தாலோ மிஞ்சுவது 45 இலட்சமே. ஆனால் வட்டியும் பராமரிப்புச் செலவும் அவ்வாறு காற்பங்காகக் குறைவதில்லை. ஆகவே கட்டளைகளின் எண்ணிக்கை, அவை செறிந்துள்ள இடம், கூலியின் மட்டம் ஆகிய மூன்றையுமே முதலில் எண்ணல் வேண்டும். சென்னையிலும் பெங்களூரிலும் சில நிமிடங்களில் பொருள் சேர்க்கும் பிளிங்கிட், செப்டோ முதலியவற்றின் சிறு களஞ்சியங்களில் இன்றும் பெரும்பாலும் மனிதக் கைகளே பொருளைப் பொறுக்குகின்றன. கட்டளைகள் அங்கே ஏராளம், கூலியோ குறைவு. எனவே மளிகை விற்பனையின் பெருக்கம் முழுவதையும் இயந்திரத்தின் சந்தையாகக் கொள்ளுதல் பொருந்தாது.

இனி அளவுகோலைப் புத்தளம் மாவட்டத்துக் கனமூலைக்குக் கொண்டுவருவோம். இத்தகைய ஊர்களில் கடைக்காரர் ஒவ்வொரு வீட்டையும் அறிவார். கையில் பணமில்லாத நாளில் கடன் கொப்பியில் எழுதிக்கொண்டு பொருள் தருவார். எந்த இயந்திரமும் செய்யாத இச்சேவைக்கு ஆய்வாளரின் அட்டவணையில் நிரல் ஒன்று வேண்டும். இயந்திரத்தின் விலையோ டொலரில். 2022ஆம் ஆண்டு சில மாதங்களுக்குள் ஒரு டொலரின் பெறுமதி ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவைக் கடந்ததை இந்நாட்டு மக்கள் மறந்திலர். இவை யாவற்றையும் கூட்டிப் பார்த்தால், கனமூலையில் இவ்வியந்திரத்துக்குரிய சந்தை இன்று பூச்சியம் என்ற விடையே கிடைக்கும். அதுவும் பயனுள்ள விடையே; கடன்பட்டு இயந்திரம் வாங்க எண்ணுபவரைக் காக்கும் விடை அது.

இக்கரையோரத்துக்கு இப்பாடம் புதிதன்று. இறால் வளர்ப்பு இம்மாவட்டத்தில் பெருகியபோது வெளிநாட்டு விலையைப் பலரும் கணக்கிட்டனர். ஒரே நீர்வழியிலிருந்து நீரை எடுத்து அதிலேயே கழிவையும் விட்ட குளங்கள் எத்தனை, அந்நீர் தாங்குவது எத்தனை என்று எண்ணியோர் சிலரே. 1996இல் வெண்புள்ளி நோய் பரவியபோது பண்ணைகள் பல அழிந்தன. வாங்குவோர் அப்போதும் இருந்தனர். ஆனால் கைவிடப்பட்ட குளங்களுக்கு அதனால் வந்த பயன் ஒன்றுமில்லை.

ஆதலின், கோடிகளைக் காட்டும் சந்தை அறிக்கை எவரேனும் கொண்டுவந்தால், நேயர்கள் மூன்று வினாக்களை எழுப்பலாம். எண்ணப்பட்ட வீடுகள் எவை? கட்டளைகள் காற்பங்காகக் குறைந்தால் என்ன ஆகும்? கணக்குப் பிழைத்தால் கடனைச் சுமப்பவர் யார்? இம்மூன்றுக்கும் தெளிவான விடை தராத அறிக்கையை நம்பி, தென்னந்தோப்பையோ தாலிக்கொடியையோ அடகு வைத்தல் தகாது.