பல் மருத்துவப் பொருள்களின் தன்மைகள்

(கொல்கத்தா லேக் மார்க்கெட் வட்டாரத்தில், தமிழ் மாணவர்களும் அரசு அலுவலர்களும் கூடிய அவையில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்.)



இந்த அவைக்கு வரும் வழியில், ராஷ்பிகாரி அவென்யூவில் ஒரு காப்பிக் கடையின் வாசலில் சற்று நின்றேன். வாழையிலைக் கட்டுகளுக்கும் மல்லிகைக் கூடைகளுக்கும் இடையே நின்றிருந்த ஒருவர், முதலில் ஐஸ் போட்ட தண்ணீரை ஒரு மூச்சில் குடித்தார். அடுத்த கணமே ஆவி பறக்கும் காப்பியை வாயில் ஊற்றிக்கொண்டார். அவருக்கு அது பழக்கம். அவருடைய பல்லுக்கோ அது ஒரு சோதனை. பல்லின் மேற்பரப்பு ஓரிரு நொடிகளில் 40 டிகிரி சென்டிகிரேடு வரை ஏறி இறங்கக்கூடும். இன்று நான் பேச வந்த பொருளின் பெரும்பகுதி அந்த ஒரு தம்ளர் காப்பியில் அடங்கியிருக்கிறது.

எப்பொருளும் வெப்பத்தால் விரியும், குளிரால் சுருங்கும். பல்லின் நேர்விரிவு, ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் ஏறத்தாழ 11 பங்கு. வெள்ளியும் பாதரசமும் கலந்த இரசக்கலவைக்கு அது 25 பங்கு அளவில் உள்ளது. பொய்ப்பல் செய்யப் பயன்படும் அக்ரிலிக் பிளாஸ்டிக்குக்கு 80 பங்கு. நான்கு மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு குழியை அக்ரிலிக்கால் அடைத்ததாகக் கொள்வோம். 40 டிகிரி மாற்றம் முழுவதும் அதற்குள் ஏறினால், பல்லுக்கும் அடைப்புக்கும் இடையே ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுக்கு வேறுபாடு உண்டாகிறது. இது மிக அற்பமானது என்று தோன்றும். ஆனால் சொத்தையை உண்டாக்கும் நுண்ணுயிரின் பருமன் அதில் பத்தில் ஒரு பங்குதான். அதற்கு அது ஓர் அகன்ற வாயில். 1940-களின் இறுதியில் அக்ரிலிக்கை அடைப்புப் பொருளாகப் பயன்படுத்திப் பார்த்துப் பின்னர்க் கைவிட்டதற்கு இதுவும், அது இறுகும்போதே மிகுதியாகச் சுருங்கியதும் காரணங்களாகும்.

இங்கிருந்து சிறிது தொலைவில், ஆச்சார்ய ஜகதீஷ் சந்திர போஸ் சாலையில் டாக்டர் ஆர். அகமது பல் மருத்துவக் கல்லூரி அமைந்துள்ளது. இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரி அதுவே. அமெரிக்காவின் அயோவாவில் 1915-இல் பட்டம் பெற்றுத் திரும்பிய ரஃபியுத்தீன் அகமது 1920-இல் அதனைத் தொடங்கினார். அதற்குப் பணம் வந்த வழியைச் சொன்னால் மாணவர்கள் நகைப்பார்கள்: ‘நியூயார்க் சோடா பவுண்டன்’ என்னும் குளிர்பானக் கடையின் வருவாயே கல்லூரியைத் தாங்கியது! 1928-இல் பல் அடைப்புமுறை குறித்து மாணவர்க்கான கையேடு ஒன்றையும் அவர் எழுதினார். 1949-இல் கல்லூரியை மேற்கு வங்க அரசிடம் ஒப்படைத்தார். அடுத்த ஆண்டு மாநில அமைச்சரானார். நம் சென்னையில் பல் மருத்துவக் கல்வி மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாக 1953-இல்தான் தொடங்கியது.

கல்லூரி வந்ததாலேயே எல்லாரும் அங்குப் பயின்று தொழிலுக்கு வந்துவிடவில்லை. இந்நகரில் குடியேறிய சீனர்களுள் ஹூபே மாகாணத்தார் தலைமுறை தலைமுறையாகப் பல் கட்டுவதைத் தொழிலாகக் கொண்டவர்கள். 1948-ஆம் ஆண்டின் பல் மருத்துவர் சட்டம், பட்டமின்றி நெடுங்காலம் தொழில் செய்தவர்களுக்கெனப் பதிவேட்டில் தனிப் பகுதி வகுத்தது. கைத்திறனைச் சட்டம் மதித்தது என்பதே என் கருத்து. ஆயினும் இன்று நடைபாதையில் அமர்ந்து, தானே இறுகும் அக்ரிலிக்கை ஈறின்மேல் அப்பி, பக்கத்துப் பற்களோடு ‘பிக்சட்’ பல் ஒட்டித் தருபவரை அந்த வரிசையில் சேர்க்க இயலாது. பொருள் இறுகும்போது வெளிவிடும் சூடும், வினைபுரியாது எஞ்சும் திரவமும் ஈறைப் புண்படுத்துகின்றன. அடியில் தேங்கும் உணவைத் துலக்கியெடுக்க வழியில்லை. நல்ல பற்கள் இரண்டும் சேர்ந்து கெடுகின்றன.

இனி இரசக்கலவைக்கு வருவோம். வெள்ளி, வெள்ளீயம், செம்பு ஆகியவற்றின் பொடியை ஏறத்தாழச் சம எடை பாதரசத்துடன் கலந்தால், சில நிமிடங்கள் மெழுகுபோல் நெகிழ்ந்து பின் கல்லாக இறுகுகிறது. மெல்லும்போது பல் தாங்கும் அழுத்தத்தை இது எளிதில் தாங்கும். பழைய கலவைகளில் வெள்ளீயமும் பாதரசமும் சேர்ந்த ஒரு பகுதி வலிமை குன்றியதாய், எளிதில் அரிப்புக்கு உள்ளாவதாய் இருந்தது. செம்பின் அளவைக் கூட்டிய கலவைகள் 1960-களில் தோன்றியபின் அக்குறை பெரிதும் நீங்கியது. விந்தை யாதெனில், இப்பொருளின் அரிப்பே அதற்கு ஒரு நன்மையும் செய்கிறது: அரிப்பில் விளையும் உப்புகள் விளிம்பு இடுக்கில் படிந்து, காலப்போக்கில் இடைவெளியைத் தாமே அடைத்துவிடுகின்றன. கலப்பதில் சிறு பிழை நேர்ந்தாலும், குழியில் ஈரம் சற்று இருந்தாலும் ஓரளவு பொறுத்துக்கொள்ளும் பொருள் இது. மலிவானதும்கூட. அரசு மருத்துவமனைகள் இதனை நெடுங்காலம் விடாதிருந்தமைக்குச் சோம்பல் காரணமன்று.

ஆனால் பாதரசம் பாதரசமே. உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து, மிகுந்த பாதரசத்தைத் துணியில் பிழிந்தெடுத்த காலம் ஒன்று உண்டு. அதில் நோயாளியைவிட நாள்தோறும் ஆவியைச் சுவாசித்த உதவியாளருக்கே தீங்கு அதிகம். கழிவுநீர்த் தொட்டியில் சேர்வதும், இறந்தபின் சுடுகாட்டுப் புகையில் கலப்பதும் தனி. 2013-இல் ஏற்கப்பட்ட மினமாட்டா உடன்படிக்கையை இந்தியா 2018-இல் உறுதி செய்தது. பதினைந்து வயதுக்கு உட்பட்டோர்க்கும், கருவுற்ற தாய்மார்க்கும், பாலூட்டும் தாய்மார்க்கும் இதனைத் தவிர்க்க வேண்டும் என்பது 2022-இல் உடன்படிக்கை நாடுகள் எடுத்த முடிவு. ஐரோப்பிய ஒன்றியம் 2025 சனவரி முதல், தவிர்க்க முடியாத மருத்துவத் தேவைகள் நீங்கலாக, இதன் பயன்பாட்டை நிறுத்திவிட்டது. அதே ஆண்டு ஜெனீவாவில், 2034-ஆம் ஆண்டுக்குள் உலகெங்கும் கைவிடுவது என முடிவாயிற்று.

அப்படியானால் மாற்று எது? இதுவே அலுவலர்கள் கூர்ந்து நோக்க வேண்டிய வினா.

பல் நிறத்திலேயே அமையும் கூட்டுப் பிசின், 1962-இல் அமெரிக்காவில் ரஃபேல் போவன் உருவாக்கிய பிசினிலிருந்து வளர்ந்தது. நுண்ணிய சிலிக்காத் துகள் கலந்த இப்பசை நீல ஒளி பட்டதும் இறுகும். இறுகும்போது கன அளவில் 2 முதல் 3 விழுக்காடு சுருங்கும். ஆகையால் இரண்டு மில்லிமீட்டர் கனமுள்ள அடுக்குகளாக வைத்து ஒவ்வொன்றையும் தனித்தனியே இறுக்க வேண்டும். குழியில் உமிழ்நீர் ஒரு துளி பட்டாலும் பிடிப்புப் போய்விடும். மின்சாரம், நேரம், பயிற்சி, உலர்ந்த குழி ஆகிய நான்கும் வேண்டும். வரிசையில் அறுபது பேர் காத்திருக்கும் மாவட்ட மருத்துவமனையில் இந்நான்கும் ஒருங்கே வாய்ப்பது அரிது.

மற்றொன்று கண்ணாடி அயனோமர் சிமென்டு. இலண்டன் அரசு வேதியியல் ஆய்வகத்தைச் சேர்ந்த வில்சனும் கென்ட்டும் 1972-இல் வெளியிட்டது. ஃபுளோரின் சேர்ந்த கண்ணாடித் தூளும் பாலி அக்ரிலிக் அமிலமும் கலந்த இது, பல்லிலுள்ள கால்சியத்துடன் வேதிமுறையில் பிணைகிறது. ஃபுளோரைடைச் சிறிது சிறிதாக விடுகிறது. இதன் வெப்ப விரிவு பல்லின் விரிவுக்கு மிக நெருங்கியது. நம் காப்பி விரும்பியின் பல்லுக்கு இதைவிட இசைவான பொருள் இல்லை. குறை, இது நொறுங்கும், தேயும். பல்லின் பல பக்கங்கள் சிதைந்த பெருங்குழியில் நம்பி வைக்க இயலாது. எனினும் 1980-களில் தான்சானியாவில் உருவான முறைப்படி, இயந்திரமோ மின்சாரமோ இன்றிக் கைக்கருவியால் சொத்தையைச் சுரண்டி இதனால் அடைக்கலாம். பள்ளிப் பிள்ளைகளின் சிறு குழிகளுக்கு இதுவே போதும் என்பது என் துணிபு. பெருங்குழிகளுக்குக் கூட்டுப் பிசினுக்கான விளக்கும் பயிற்சியும் மாவட்டந்தோறும் போய்ச் சேரும்முன் இரசக்கலவையை ஒரே நாளில் நிறுத்தினால், ஏழையின் கடைவாய்ப்பல் அடைக்கப்படாமல் பிடுங்கப்படும். அந்த இழப்பு எந்தப் புள்ளிவிவரத்திலும் பாதரசத்தின் கணக்கில் எழுதப்படாது.

கொள்முதல் செய்வோர்க்கு ஒரு சொல். பொருளின் தன்மை தொழிற்சாலையில் முடிவதில்லை. கிடங்கிலும் மேசையிலும் மாறுகிறது. மாவட்டக் கிடங்கு ஒன்றில், தகரக் கூரையின்கீழ் சித்திரை வெயிலில் ஆல்ஜினேட் பெட்டிகள் அடுக்கியிருக்கக் கண்டேன். ஆல்ஜினேட் என்பது கடற்பாசியிலிருந்து எடுக்கும் பொருள். மன்னார் வளைகுடாவில் மண்டபம் கரையோரப் பெண்கள் மூழ்கி எடுக்கும் பாசி வகைகளிலும் அது உண்டு. வாயின் அச்சு எடுக்க உதவும் இத்தூள் 54 டிகிரி வெப்பத்திலேயே கெடத் தொடங்கும். 65 டிகிரியில் ஒரு மாதம் கிடந்தால் அறவே பயனற்றுவிடும். குறைந்த விலைப்புள்ளிக்கு வாங்கிய அந்தப் பெட்டிகளில் அச்சு எடுத்தால், அளவு பொருந்தாத பல்செட்டே கிடைக்கும்.

வங்காளத்தின் மழைக்காலத்துக்கு உரிய தொல்லை வேறு. துத்தநாக பாஸ்பேட்டு சிமென்டைக் குளிர்ந்த கண்ணாடிப் பலகையில் கலக்கவேண்டும் என்பது பாடம். குளிர்ச்சி அதன் இறுகலைத் தாமதப்படுத்தும். ஆவணி மாதத்துக் கொல்கத்தாவில் அவ்வாறே குளிரவைத்தால் பலகைமேல் பனிபோல் நீர் படிகிறது. அந்த நீர் சிமென்டை விரைந்து இறுகச்செய்து வலிமையையும் குறைக்கும். பாடநூலைப் பின்பற்றிய மாணவனே இங்குத் தவறு செய்தவனாகிறான்! காற்றின் பனிநிலைக்கு மேல் நிற்கும் அளவுக்கே பலகையைக் குளிர்விக்க வேண்டும். கண்ணாடியில் மூச்சுப் பட்டதுபோல் மங்கல் தெரிந்தால், துடைத்துவிட்டு ஒன்றிரண்டு நிமிடம் பொறுத்துக் கலக்க வேண்டும். அயனோமர்த் தூள் குப்பியையும் எடுத்தவுடன் மூட வேண்டும்.

கூட்டம் தொடங்குமுன் ஒரு முதியவர், இரவில் பல்செட்டை ஏன் தண்ணீரில் போடச் சொல்கிறார்கள் என்று கேட்டார். அக்ரிலிக் நீரைச் சிறிது உறிஞ்சி விரிந்த நிலையில்தான் வாய்க்குப் பொருந்துகிறது. உலரவிட்டால் சுருங்கி உருமாறும். கொதிநீரில் இட்டால் வளைந்தேவிடும். சாதாரணக் குளிர்ந்த நீர், மூடிய கிண்ணம். அவ்வளவே வேண்டும், ஐயா.