மாணவர் கைக்கா, நிறுவனத்துக்கா?



கொல்லிமலை அடிவாரத்து எருமப்பட்டியில் கூடும் கருத்தரங்குக்கு என்னைத் தலைமையேற்கப் பணித்ததைப் பெரும்பேறாகக் கருதுகிறேன். துறையின் மூத்தோர் முன்வரிசையில் வீற்றிருக்க, நான் பேசுவதில் தயக்கமும் உண்டு. 'ஒடுக்கப்பட்டோர் கல்வியும் அரசு நிதியும்' என்பது தலைப்பு. பஞ்சமர் பள்ளிகளுக்கான 1893ஆம் ஆண்டு அரசாணை, தொழிலாளர் ஆணையரின் கீழ் நடந்த லேபர் பள்ளிகள், பின்னர் வந்த அரிசன நலத்துறை ஆகியவற்றை அவை அறியும், கட்டுரைகளும் விரித்துரைக்கும். நான் ஒரு வழக்கை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

பட்டியல் சாதி மாணவருக்கான மெட்ரிக் படிப்புக்குப் பிந்தைய கல்வி உதவித்தொகை, விடுதலைக்குப் பின் வந்த அரசின் கொடை என்று நம் துறை நூல்கள் பல இன்றும் எழுதுகின்றன. எழுதியோரின் உழைப்பை மதிக்கிறேன். முடிவை ஏற்க இயலாது. வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினராக இருந்த அம்பேத்கர், 1942 அக்டோபர் 29 அன்று வைசிராய் லின்லித்கோவிடம் அளித்த மனுவை நாம் போதிய அளவு படிக்கவில்லை. அலிகர், காசிப் பல்கலைக்கழகங்களுக்கு ஆண்டுதோறும் 3 லட்ச ரூபாய் மானியம் தரும் அரசு பட்டியல் சாதியினருக்கு என்ன தருகிறது என்பதே அவர் எழுப்பிய கேள்வி. உதவித்தொகை 1944இல் தொடங்கியது. அது கேட்டுப் பெற்ற உரிமை.

ஆனால் அந்த ஒப்பீட்டிலேயே ஒரு வேறுபாடு இருக்கிறது. அலிகரும் காசியும் நிறுவனங்கள். நமக்குக் கிடைத்ததோ தனித்தனி மாணவருக்கான தொகை. அம்பேத்கரே அதோடு நிற்கவில்லை: 1945இல் மக்கள் கல்விக் கழகம், 1946இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரி என நிறுவனம் கட்டினார். தனி நிறுவனம் பிரிவினையை வளர்க்கும், உதவித்தொகையே சிறந்த வழி என வாதிடும் நண்பர்கள் இதற்கு விடை சொல்ல வேண்டும்.

அமெரிக்காவைப் பாருங்கள். 1890ஆம் ஆண்டின் இரண்டாம் மோரில் சட்டம், கறுப்பின மாணவருக்குத் தனிக் கல்லூரி வைக்கும் மாநிலங்கள் நிதியை நியாயமாகப் பகிர வேண்டும் என்றது. மாநிலங்கள் வஞ்சித்தன. அண்மைய மூன்று பத்தாண்டுகளில் 16 மாநிலங்கள் தராமல்விட்டது 1,200 கோடி டாலருக்கு மேல் என்று 2023இல் கூட்டரசின் அமைச்சர்களே ஆளுநர்களுக்கு எழுதினர். ஆயினும் கல்லூரி நிலைத்தது. அதன் பெயரால் போராட முன்னாள் மாணவர்கள் இருந்தனர். மேரிலாந்தில் 2006இல் தொடுத்த வழக்கு, 2021இல் நான்கு கறுப்பினக் கல்லூரிகளுக்கு 57 கோடியே 70 லட்சம் டாலர் பெற்றுத் தந்தது.

நம்மிடம் உதவித்தொகை தாமதமானால் யார் வழக்காடுவது? ஊதியம் கேட்கப் பேராசிரியர் இல்லை, கட்டடம் கேட்கத் துறைத்தலைவர் இல்லை. கட்டணம் கட்ட முடியாத ஒரு பிள்ளை தனியே நிற்கிறது. அதனால்தான் நிதிப்பொறுப்பை மாநிலத்தின் மேல் ஏற்றுவதும் இறக்குவதும் இத்தனை எளிதாயிற்று. மத்திய அரசு 60, மாநிலம் 40 என்ற பங்கீடு முடிவானதே 2020 டிசம்பரில்தான்.

தமிழ்நாடு அரசின் 2012ஆம் ஆண்டு 92ஆம் எண் அரசாணை, இம்மாணவர்களின் சுயநிதிக் கல்லூரிக் கட்டணத்தையும் அரசே ஏற்கச் செய்தது. முதல் தலைமுறைப் பிள்ளைகள் பலருக்கு அது கதவு திறந்தது, அதில் ஐயமில்லை. எனினும் தனியார் கல்வி நிறுவனங்கள் பெருகிய இந்த நாமக்கல் மாவட்டத்தில் இதைச் சொல்லியாக வேண்டும்: அந்தப் பணம் மாணவர் வழியாகச் சென்று தனியார் நிறுவனங்களையே வளர்த்தது. ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளையும் விடுதிகளையும் அதே அக்கறையோடு வளர்த்தோமா? 2023ஆம் ஆண்டு மாநில பட்ஜெட்டில் அப்பள்ளிகளைப் பள்ளிக்கல்வித் துறையோடு இணைக்கும் அறிவிப்பு வந்தபோது, அவற்றின் நிலமும் பணியிடமும் யார் பொறுப்பில் இருக்கும் என்று கேட்டவர்கள் சிலரே.

உதவித்தொகையை நிறுத்தச் சொல்லவில்லை. அது உயர வேண்டும், உரிய மாதத்தில் சேர வேண்டும். அதோடு நிறுவனத்துக்கும் சட்ட உறுதியுள்ள நிதி வேண்டும். எவ்வளவு ஒதுக்கினார்கள் என்பதோடு நம் ஆய்வு நின்றுவிடக் கூடாது. அந்தப் பணம் யாருடைய நிறுவனமாக மாறியது என்பதையும் ஒவ்வொரு அமர்வும் கேட்க வேண்டும் என வேண்டி, இக்கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.