லேப்டாப்ல வருது, சர்வர்ல வரலையா?

ஒரு தம்பி கேட்டிருக்கார்: "அண்ணா, என் வெப்சைட் லேப்டாப்ல அழகா வருது. சர்வர்ல ஏத்தினா டிசைனே இல்லாம வெறும் எழுத்துதான் தெரியுது. நாளைக்கு இன்டர்வியூல இந்த லிங்க்கைத்தான் காட்டணும்."

தம்பி, இப்போதைக்கு கோட்ல கை வைக்காதீங்க. எஃப்12 அழுத்தி, நெட்வொர்க் டேபைத் திறந்துட்டு, பக்கத்தை ரீலோட் பண்ணுங்க. சிஎஸ்எஸ் ஃபைலுக்கு நேரா 404ன்னு இருந்தா, அந்த ஃபைலே பிரவுசருக்குக் கிடைக்கல. அதுக்குள்ள எவ்வளவு திருத்தினாலும் பலன் இருக்காது.

நான் பார்த்தவரை இது பெயர்ல வர்ற சிக்கல்தான். ஃபைல் பெயர்ல பெரிய எஸ், ஹெச்டிஎம்எல்ல சின்ன எஸ். விண்டோஸ் ரெண்டையும் ஒண்ணாத்தான் எடுத்துக்கும். லினக்ஸ் சர்வர் ரொம்பக் கறார். எல்லாத்தையும் சின்ன எழுத்தா மாத்திடுங்க.

மாத்தின பிறகும் பழையபடியே தெரிஞ்சா, கேஷா இருக்கலாம்: கன்ட்ரோல், ஷிஃப்ட், ஆர். ராத்திரி எத்தனை மணியானாலும் வந்துச்சான்னு ஒரு வரி எழுதிப் போடுங்க.